சாகாத நோர்ன்: மாணவர் பகுதிக் குறிப்புக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில் அண்மையில் செயற்கை உயிர்கள் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. 'கிரீச்சர்ஸ்' என்ற கணினி விளையாட்டில் வாழும் நோர்ன்களில் சில சாவதே இல்லை என்றும், 'பின்னிடைவான சாகாவரப் பரம்பரை அலகு' ஒன்று இருப்பதே அதற்குக் காரணம் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைக்கும் பக்கம் அது. ஆகவே திருத்தாமல் விட மனம் வரவில்லை.

அந்த ஒரே வரியில் இரண்டு பிழைகள் உள்ளன. ஓர் அலகின் இரண்டு பிரதிகளில் ஒன்று மற்றதை மறைப்பதே ஆட்சி, மறைந்து நிற்பது பின்னிடைவு. நோர்ன்களின் பிறப்புரிமையியலில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சாகாவரத்துக்கென்று தனியாக ஓர் அலகும் அவற்றிடம் கிடையாது. சாவை வரவழைக்கும் அலகுகள்தான் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று பழுதாகிவிட்டால் முதுமைச் சாவு வந்து சேராது. எது பழுதானது என்பதைப் பொறுத்து அந்தச் 'சாகாத' உயிரின் கதி முற்றிலும் வேறுபடும். பிள்ளைகள் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 'கிரீச்சர்ஸ்' 1996இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் ஸ்டீவ் கிராண்ட். இரண்டாம் பாகம் 1998இலும் மூன்றாம் பாகம் 1999இலும் வந்தன. இலவசப் பதிப்பான 'டொக்கிங் ஸ்டேஷன்' 2001இல் வந்தது. திரையில் நடமாடும் நோர்னுக்கு உள்ளே மூளை, இரசாயனம், மரபுத்தொகுதி என்ற மூன்றுமே உருவகிக்கப்பட்டிருக்கின்றன. முதற் பாகத்து நோர்னின் மூளையில் ஏறத்தாழ 1,000 நரம்புக்கலங்களும் 5,000 இணைப்புகளும் இருந்தன. மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 320 ஜீன்கள் இருந்தன. பாடநூல் பரம்பரை அலகு என்று சொல்வதையே இங்கே இடம் கருதி ஜீன் என்கிறோம்.

அந்த ஜீன்கள் எல்லாம் ஒரே இழையில் வரிசையாக நிற்கின்றன. நோர்ன் ஓர் ஒருமடியம். தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என்று இரண்டு பிரதிகளை அது வைத்திருப்பதில்லை. கருத்தரிக்கும்போது தாயின் இழையும் தந்தையின் இழையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டு, ஜீன்களின் எல்லையில் அங்கங்கே வெட்டி மாற்றி ஒட்டப்படுகின்றன. பிள்ளைக்குப் போவது ஒரே ஓர் இழை. ஒரு ஜீனுக்கு ஒரே பிரதி இருக்கும்போது ஒன்று மற்றொன்றை மறைக்க வழியில்லை. ஆகவே மெண்டலின் பட்டாணிக்குரிய 3:1 விகிதத்தை இங்கே தேடினால் கிடைக்காது. பெற்றோரில் ஒருவரிடம் மட்டும் உள்ள மாற்றம் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போகும்.

வெட்டி ஒட்டும்போது கை தவறுவதுண்டு. சில வேளை ஒரு ஜீன் இரண்டு முறை வந்துவிடும், சில வேளை விடுபட்டுப் போகும். இவை தவிர ஜீனுக்குள் இருக்கும் ஒரு எண் தற்செயலாக மாறும் விகாரமும் உண்டு. ஒவ்வொரு ஜீனின் தலைப்பிலும் அதற்கு விகார அனுமதி உண்டா, இரட்டிக்க அனுமதி உண்டா, விடுபட அனுமதி உண்டா என்று குறிக்கப்பட்டிருக்கும். எந்தப் பருவத்தில் அந்த ஜீன் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதும், ஆணில் மட்டுமா, பெண்ணில் மட்டுமா, இரண்டிலுமா என்பதும் அதே தலைப்பில்தான் இருக்கின்றன.

'பின்னிடைவு' என்று குறிப்பை எழுதியவர் மயங்கியது அநேகமாக இந்தக் கடைசி விடயத்தில்தான். ஆணில் மட்டும் வெளிப்படும் ஜீனைப் பெண் நோர்னும் சுமக்கும், வெளியே மட்டும் தெரியாது. தாயில் காணப்படாதது மகனில் திடீரென்று தெரியும்போது பார்ப்பவருக்குப் பின்னிடைவு போலவே தோன்றும். பருவம் வரும்வரை காத்திருக்கும் ஜீன்களும் அப்படித்தான். நமது காணிகளில் நிற்கும் வடலியைப் பார்த்து அது ஆண்பனையா பெண்பனையா என்று யாரும் சொல்ல முடியாது. பாளை வந்த பிறகுதான் தெரியும். ஆனால் அது எதுவென்ற செய்தி பனங்கொட்டையைப் புதைத்த அன்றே அதற்குள் இருந்தது. நோர்னில் ஒரு ஜீன் முதுமைப் பருவத்துக்கென்று குறிக்கப்பட்டிருந்தால், அதில் உள்ள பழுது முதுமை வரும்வரை கண்ணில் படாது.

இனிச் சாவைப் பார்ப்போம். மூன்றாம் பாகத்திலும் டொக்கிங் ஸ்டேஷனிலும் ஒவ்வொரு இரசாயனத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. 125ஆம் இலக்கத்தின் பெயர் 'லைஃப்'. நாம் ஆயுள் என்போம். பிறக்கும்போது ஒரு குறித்த அளவு ஆயுள் உடலில் இருக்கும். அது மிக நீண்ட அரைவாழ்வுக் காலத்துடன், அதாவது பாதியாகக் குறைய மிக நீண்ட நேரம் எடுத்து, மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். உடலில் உள்ள வாங்கிகள் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும். அளவு ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் குழந்தைப் பருவம் முடியும், அடுத்த எல்லையில் அடுத்த பருவம் வரும். இப்படி ஏழு பருவங்கள். கடைசி எல்லையைத் தாண்டும்போது இன்னொரு வாங்கி 'சாவு' என்ற இடத்தில் ஒரு பெறுமானத்தை வைக்கும். அந்த இடத்தில் பூச்சியம் இல்லாத எதுவும் வந்தால் உயிர் போய்விடும். மணல் கடிகை ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். மணல், மணல் இறங்கும் துளை, மணலின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் என்று மூன்று பாகங்கள். பழுதும் இந்த மூன்றில் எங்கும் வரலாம்.

துளை அடைபட்டால் என்ன ஆகும்? எல்லா இரசாயனங்களின் அரைவாழ்வுக் காலங்களும் ஒரே ஜீனில் பட்டியலாக இருக்கின்றன. 125க்கு நேரே உள்ள எண், குறையவே குறையாது என்ற பெறுமானத்துக்கு மாறினால் ஆயுள் அப்படியே நிற்கும். அந்த நோர்ன் சாகாதுதான், ஆனால் வளரவும் மாட்டாது. பருவ வாங்கிகளும் அதே ஆயுளைத்தானே பார்க்கின்றன! அது என்றும் குழந்தை. பருவமடையாது, முட்டையிடாது, பின் பருவங்களுக்கென்று குறிக்கப்பட்ட ஜீன்கள் எதுவும் அதில் திறக்காது. இந்த வகைச் சாகாமை அடுத்த தலைமுறைக்குத் தானாகப் போக முடியாத சாகாமை. ஆட்கள் கோப்பாகப் பிரதி எடுத்தால்தான் பெருகும்.

கண் குருடானால் கதை வேறு. வாங்கி ஜீன் ஒன்றில் எந்த உறுப்பு, எந்த இழையம், எந்த இடம், எந்த இரசாயனம், தொடக்க எல்லை, இயல்புப் பெறுமானம், பெருக்கம் ஆகியவை தனித்தனி எண்களாக இருக்கும். சாவு வாங்கியில் 125 என்ற எண் வேறொன்றாக மாறினால் அது ஆயுளை விட்டுவிட்டு வேறெதையோ பார்க்கத் தொடங்கும். எதைப் பார்த்தாலும் 'சாவு' என்ற இடத்தைப் பூச்சியத்திலேயே விட்டுவைக்கும்படி மற்ற எண்கள் மாறினாலும் இதே கதிதான். இந்த நோர்ன் மற்றவற்றைப் போலவே பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு, கிழமாகி, அதற்குப் பிறகு சாகாமல் இருக்கும். பழுது ஏற்கெனவே பிள்ளைகளுக்குப் போயிருக்கும். விளையாடுவோர் கண்டு வியக்கும் 'சாகாவரம்' இப்படியும் வரலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். அதே வாங்கியின் எண்கள் வேறு விதமாக மாறிவிட்டால் 'சாவு' என்ற இடத்தில் முதற்கணத்திலிருந்தே பூச்சியம் இல்லாத ஒரு பெறுமானம் இருக்கலாம். அந்த ஜீன் பிறப்பிலேயே திறப்பதாக இருந்தால் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்ததும் செத்துவிடும். ஒரே ஜீன்தான். ஒரு விதமாக மாறினால் பிறந்ததும் சாவு, வேறு விதமாக மாறினால் சாவே இல்லை. முன்னது அன்றே அழிந்துபோவதால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பின்னது நின்று நிலைப்பதால், விகாரம் என்றாலே நீண்ட ஆயுள் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது வகை மணலையே யாரோ மேலிருந்து கொட்டிக்கொண்டிருப்பது. நோர்னின் உடலில் நடக்கும் தாக்கம் ஒவ்வொன்றும் ஒரு ஜீன். அதிகபட்சம் இரண்டு தாக்கிகள், இரண்டு விளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு, ஒரு வேகம். இரசாயனவியல் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது, இங்கே திணிவுக் காப்பு விதி இல்லை என்பதை. ஒரு பங்கு உள்ளே போய் மூன்று பங்கு வெளியே வரலாம், எவரும் தடுக்க மாட்டார்கள். தாக்க ஜீன் ஒன்றின் விளைவு இலக்கம் 125 ஆக மாறினால் அந்தத் தாக்கம் நடக்கும் போதெல்லாம் ஆயுள் ஊறும். அதேபோல விளைவு, உடலின் சக்திச் சேமிப்பான 4ஆம் இலக்கக் கிளைக்கோசனாக மாறினால், உண்ணாமலே சேமிப்பு நிரம்பும் உயிர் ஒன்று கிடைக்கும். பட்டினியால் சாகாததையும் முதுமையால் சாகாததையும் மாணவர்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. அவை இரண்டு வேறு பழுதுகள்.

முதுமைக் கடிகையை எப்படி உடைத்தாலும், இரண்டாம் பாகத்திலிருந்து இன்னொரு வழியாகச் சாவு வரும். அந்தப் பாகத்தில்தான் உறுப்புகள் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு உறுப்பும் வேலை செய்ய, சக்தி தரும் இரசாயனமாகிய ஏ.ரீ.பி. வேண்டும். மூன்றாம் பாகத்தில் அதன் இலக்கம் 35, செலவான பின் அது 36ஆம் இலக்கமான ஏ.டீ.பி. ஆகும். ஏ.ரீ.பி. போதாவிட்டால் உறுப்புக்குக் காயம். காயம் குறுங்கால உயிர்விசையைக் குறைக்கும். அது திருத்தப்படும், ஆனால் திருத்தம் முடியும்வரை நெடுங்கால உயிர்விசை சிறிது சிறிதாகத் தேயும். தேய்ந்தது திரும்பி வராது. சாவு வாங்கி பழுதான கிழட்டு நோர்னின் உறுப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தால் இது அப்படியே தெரியும். ஆயுள் கோடு அடியில் கிடக்கும், பருவம் கடைசிப் பருவம், ஆனால் நடமாட்டம் இருக்கும். ஒரு நேரம் சாப்பிடத் தவறினால் ஏ.ரீ.பி. விழும், விழுந்த ஒவ்வொரு தடவையும் உறுப்புகளின் நெடுங்கால விசை ஒரு படி இறங்கும், பிறகு நன்றாகச் சாப்பிட்டாலும் அந்தப் படி ஏறாது. முக்கியமான ஓர் உறுப்பு நின்றுவிட்டால் அதில் நடந்த தாக்கங்கள் எல்லாம் நிற்கும். இதை முதுமைச் சாவு என்று எழுதக்கூடாது. பழுதுபார்க்க முடியாத தேய்மானம் என்று எழுத வேண்டும். இத்துடன் நச்சுகளும் உண்டு. 70ஆம் இலக்கமான கிளைக்கோரொக்சின் கிளைக்கோசனை அழிக்கும், 78ஆம் இலக்க நச்சு ஏ.ரீ.பி.யைக் குலைக்கும். சாவு வாங்கி எப்படி இருந்தாலும் இவை விடமாட்டா.

பாடசாலைக் கணினிக் கூடத்தில் இதைச் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்காகச் செய்முறையையும் தருகிறோம். விளையாட்டு பழையது, ஆகவே விண்டோஸ் உள்ள சாதாரண கணினி போதும். தொடங்கு முன் உலகக் கோப்புறையை அப்படியே வேறிடத்தில் பிரதி செய்துவிடுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கி, நடுவில் மின்சாரம் போய், பரிசோதனை முழுவதும் பாழாவது வழமை. பிறகு சாகாதது என்று ஐயப்படும் நோர்னையும் அதன் உடன்பிறப்பு ஒன்றையும் ஒரே உலகில், உணவு எட்டும் தூரத்தில் இருக்கும் மூடிய அறையில் வையுங்கள். இரண்டுக்கும் 125இன் அளவை ஒரே இடைவெளியில், 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம், கொப்பியில் குறியுங்கள். உலகம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த நேரத்தைக் கழித்துவிட வேண்டும். கணினி அணைந்திருக்கும்போது நோர்னுக்கு வயது போவதில்லை. 'ஒரு மாதமாகச் சாகவில்லை' என்ற வியப்புகளில் கணிசமானவற்றுக்கு இதுவே விளக்கம்.

உடன்பிறப்பின் கோடு இறங்க, ஐயத்துக்குரியதன் கோடு மட்டமாக நின்றால் அரைவாழ்வு ஜீனைப் பாருங்கள். கோடு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினால் எங்கோ ஆயுள் ஊறுகிறது. விளைவில் 125 உள்ள தாக்க ஜீனையும் 125ஐச் சுரக்கும் ஜீனையும் தேடுங்கள். கோடு உடன்பிறப்பினுடையதைப் போலவே இறங்கி அடியைத் தொட்டும் உயிர் போகவில்லையென்றால் சாவு வாங்கி. ஜீனைக் கண்டதும் தலைப்பில் விகார அனுமதி உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அனுமதி இல்லாத ஜீன் மாறியிருந்தால் அது இயற்கையாக நேர்ந்தது அல்ல, யாரோ ஜீன்களைத் திருத்தும் மென்பொருளில் (எடிற்றரில்) கையால் மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்தது இனப்பெருக்கம். பழுது ஜீனில் இருக்கிறதா, வெளியிலிருந்து ஆயுளை ஏற்றும் ஏதாவது கருவி உலகில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை அந்த நோர்னின் பிள்ளைகள்தான் சொல்லும். வெளியிலிருந்து ஏற்றியது முட்டைக்குப் போகாது. சாகாததைச் சாதாரண நோர்னுடன் சேர்த்து, பிள்ளைகளை வேறொரு சுத்தமான உலகில் வளர்க்க வேண்டும். 4 பிள்ளைகளுடன் முடிவு சொல்லக்கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்புப் பாதி என்பதால், பழுது உண்மையில் இருந்தும் நான்கிலும் வராமல் போகும் வாய்ப்பு 16இல் 1. பிள்ளைகள் 8 என்றால் அது 256இல் 1. குறைந்தது எட்டுப் பிள்ளைகள் வேண்டும். மகன்களில் மட்டும் தெரிந்தால் தலைப்பில் 'ஆண் மட்டும்' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் மொத்தப் பிள்ளைகளில் காற்பங்கில்தான் வெளியே தெரியும், மகள்களில் பாதிப் பேர் சுமந்துகொண்டு சும்மா இருப்பார்கள். மாணவர்கள் 3:1 கண்டதாகப் பிழையாக எழுதும் இடம் இது.

இயற்கை உயிரியலுடன் இதை இணைக்கும் இடமும் உண்டு. உயிரியலாளர் பீற்றர் மெடவர் 1952இல் எடுத்துக்காட்டியது, இனப்பெருக்கம் முடிந்த வயதில் மட்டும் தீங்கு செய்யும் விகாரத்தை இயற்கைத் தேர்வு திறமாகக் களைய முடியாது என்பதை. பரிணாம உயிரியலாளர் ஜோர்ஜ் வில்லியம்ஸ் 1957இல் ஒரு படி மேலே போனார். இளமையில் நன்மை செய்யும் ஜீனே முதுமையில் தீமை செய்யலாம், தேர்வு அதையும் வரவேற்கும் என்றார். நோர்னில் இதன் மறுபக்கத்தைக் கண்ணால் காணலாம். முட்டையிட்டு முடித்த பின்னர் திறக்கும் சாவு வாங்கி பழுதானாலும் பழுதாகாவிட்டாலும், அது எத்தனை முட்டை இட்டது என்ற கணக்கு மாறுவதில்லை. தேர்வின் கண் அந்த ஜீனில் படுவதே இல்லை. ஆகவே பழுது பரவுவது தற்செயலால். சில வேளை வீட்டில் மக்கள்தொகை எல்லை வைத்து ஓட்டும் உலகத்தில் சாகாதவை இடத்தைப் பிடித்துக்கொண்டு புது முட்டைகளுக்கு இடமில்லாமல் செய்துவிடும். அப்போது அந்த உலகத்தில் தலைமுறை மாற்றமே நின்றுவிடும். பரிணாமம் காட்ட வைத்த உலகம் அத்துடன் உறைந்துபோகும். ஆகவே பழுதைக் கண்டதும் அந்த நோர்னைக் கோப்பாக வெளியே எடுத்து வைத்துவிட்டு உலகத்தை ஓடவிடுவதே நல்லது.

எல்லாச் செயற்கை உயிர்களிலும் இப்படி நடக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். தொமஸ் ரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'டியெரா' என்ற கணினி நிரலில் உயிர்கள் வெறும் கட்டளைத் தொடர்கள். மூதாதை 80 கட்டளைகள் நீளம். அதிலிருந்து 45 கட்டளை நீளமான ஒட்டுண்ணிகள் தாமாகவே தோன்றின. அங்கே சாவு உயிருக்குள் எழுதப்படவில்லை. நினைவகம் நிரம்பும்போது வரிசையின் முன்னால் நிற்பதை வெளியிலுள்ள 'அறுவடைக்காரன்' அகற்றிவிடுவான். பிழை விட்டவை வரிசையில் முன்னுக்குத் தள்ளப்படும். சாவு மரபுத்தொகுதியில் இல்லாதபோது சாகாமைக்கும் விகாரம் வர வழியில்லை. நோர்னில் சாவும் ஒரு ஜீன் என்பதால்தான் அது பழுதாக முடிகிறது. 'செயற்கை உயிர்கள் சாகா' என்று பொதுவாக எழுதுவது இதனால் தவறு.

கடைசியாக, பிள்ளைகள் சாகாத நோர்னின் கோப்பைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளத் தொடங்குவார்கள், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வாழைக்குட்டியைப் பிடுங்கிக் கொடுப்பது போல, தாய்மரத்தின் நல்லதும் கெட்டதும் அப்படியே போய்ச் சேரும். ஆகவே கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 'சாகாதது 1', 'சாகாதது 2' என்று வைக்காமல், பழுது அரைவாழ்விலா, வாங்கியிலா, தாக்கத்திலா, எந்தத் தலைமுறை, விகார அனுமதி உண்டா இல்லையா என்பதைப் பெயரிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள். மாணவர் பகுதியில் வெளிவந்த அந்த வரிக்குரிய திருத்தத்தைத் தாங்கள் அடுத்த வாரமே வெளியிட்டால், தவணைப் பரீட்சைக்கு முன் பிள்ளைகளின் கைக்குச் சரியான விளக்கம் போய்ச் சேரும்.

இங்ஙனம்,
பிறப்புரிமையியலும் கணினியும் கற்பிப்போர் சிலர்,
யாழ்ப்பாணம்.